ஹட்டனில் சிறிய தேயிலைக் கடை: இணையத்தில் எதை எழுதுவது, எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: ஹட்டன் கடைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். ஹட்டன் நகரில் எங்கள் தந்தை தொடங்கிய தேயிலைக் கடையை இப்போது நானும் தங்கையும் நடத்தி வருகிறோம். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளிலிருந்தும், கொழும்பு ஏலத்தில் கொள்வனவு செய்யும் வியாபாரிகளிடமிருந்தும் தேயிலையை எடுத்து, சிறு பொதிகளாக்கிச் சில்லறையில் விற்கிறோம். வியாபாரத்தின் பெரும்பகுதி சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவத்தை நம்பியே இருக்கிறது. டிசம்பர் போயாவில் (பௌர்ணமி நாளில்) பருவம் தொடங்கி வெசாக் போயாவோடு முடியும் வரை, மலையடிவாரத்திலுள்ள நல்லதண்ணிக்குப் போகிறவர்களும் மலையிறங்கித் திரும்புகிறவர்களும் ரயிலுக்கோ பேருந்துக்கோ காத்திருக்கும் இடைவெளியில் கடைக்குள் வந்து வாங்கிச் செல்வார்கள். பருவம் முடிந்து மழை தொடங்கிவிட்டால், வியாபாரம் நகரத்து வாடிக்கையாளர்களோடு மட்டும் சுருங்கிவிடும்.

அப்படி ஒருமுறை வாங்கிச் சென்றவர்களில் சிலர் கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போன்ற இடங்களிலிருந்து பின்னர் தொலைபேசியில் அழைத்து, அதே தேயிலையைத் தபாலில் அனுப்பச் சொல்கிறார்கள். இந்த வியாபாரத்தை ஆண்டு முழுவதும் நடக்கும்படி வளர்க்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். எங்களிடம் ஒரு பேஸ்புக் பக்கம் இருக்கிறது. பண்டிகை வாழ்த்தையும் அவ்வப்போது போடும் விலைப்பட்டியலையும் தவிர அதில் வேறெதுவும் இல்லை.

அண்மையில் கொழும்பிலுள்ள ஒரு விளம்பர நிறுவனத்தார் மாதாந்தம் 30 பதிவுகள் செய்து தருவதாகச் சொல்லி மாதிரிகளை அனுப்பினார்கள். மூடுபனி, தேயிலை மலை, கூடையோடு சிரிக்கும் பெண், அதன் கீழே இயற்கையைப் பற்றி ஒரு வரி. எங்கள் கடையின் பெயரை எடுத்துவிட்டு நாட்டிலுள்ள எந்தத் தேயிலைக் கடையின் பெயரை வைத்தாலும் அந்தப் படங்கள் அப்படியே பொருந்தும். கேட்கும் தொகையோ எங்களுக்குப் பெரியது.

எனவே அனுபவமுள்ளவர்களிடம் கேட்கிறேன். உள்ளடக்கச் சந்தைப்படுத்தல் என்று சொல்லப்படுவதை எங்களைப் போன்ற சிறிய கடையொன்று எங்கிருந்து தொடங்க வேண்டும்? எத்தனை பதிவுகள் தேவை, எந்த மொழியில் எழுத வேண்டும், இணையத்தளம் வேண்டுமா அல்லது பேஸ்புக் போதுமா? தொலைபேசியில் எங்களை அழைப்பவர்கள் பெரும்பாலும் வாங்குவதற்கு முன் ஏதாவது கேட்கிறார்கள். "உங்கள் கடையில் குடித்துப் பார்த்த தேத்தண்ணியின் நிறம் எங்கள் வீட்டில் வரவில்லையே" என்று யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் கேட்டார். இன்னொருவர் தேயிலை ரகங்களில் பி.ஓ.பி. நல்லதா, பி.ஓ.பி.எஃப். நல்லதா என்று கேட்டார். இவற்றுக்கெல்லாம் தொலைபேசியிலேயே பதில் சொல்லி முடித்துவிடுகிறோம். இவற்றையும் எழுத வேண்டுமா என்பதும் தெரியவில்லை.

பதில்: கண்டியிலிருந்து ஓர் எழுத்துப் பணியாளர்

நண்பருக்கு வணக்கம். சிறு நிறுவனங்களுக்கு உள்ளடக்கம் எழுதிக் கொடுப்பதே என் தொழில் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் கேள்வியின் கடைசிப் பந்தியில் நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்த இரண்டு அழைப்புகளும்தான் உங்கள் திட்டத்தின் தொடக்கம். மற்றதையெல்லாம் அங்கிருந்து கட்ட வேண்டும்.

இந்தத் துறையின் அடிப்படை மிக எளியது. வாங்குபவருக்கு உண்மையில் தேவைப்படும் ஒரு தகவலை, அவர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பயன்படும் விதத்தில் முதலில் கொடுத்துவிடுவது. அதன் மூலம் அடுத்த முறை அந்தப் பொருள் தேவைப்படும்போது உங்கள் பெயர் அவர் நினைவுக்கு வரச் செய்வது. இணையம் வருவதற்கு வெகு காலம் முன்பே இதைச் செய்திருக்கிறார்கள். டயர் உற்பத்தி செய்யும் மிஷலின் நிறுவனம் 1900 ஆம் ஆண்டில் பிரான்சில் வாகன ஓட்டிகளுக்கு ஒரு கையேட்டை இலவசமாக விநியோகித்தது. டயர் மாற்றுவது எப்படி, எரிபொருள் எங்கே கிடைக்கும், எங்கே தங்கலாம் என்பவையே அதில் இருந்தன. மக்கள் அதிகம் பயணம் செய்தால் டயர் தேயும், தேய்ந்தால் புதிது வாங்குவார்கள் என்பது அவர்களுடைய கணக்கு. டயரைப் புகழ்ந்து ஒரு புத்தகம் எழுதியிருந்தால் யாரும் அதைக் கையில் வைத்திருந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே பற்றுவரவுக் கொப்பிக்கு அருகில் இன்னொரு கொப்பியை வையுங்கள். கடைக்கு வருபவரும் தொலைபேசியில் அழைப்பவரும் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள். எந்த ஊர், எந்த மொழியில் கேட்டார், கேட்டபின் வாங்கினாரா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ஒரு மாதத்தில் ஒரே கேள்வி பலமுறை திரும்ப வருவதைக் காண்பீர்கள். அப்படி அதிகம் திரும்பி வரும் கேள்வியே உங்கள் முதல் கட்டுரை.

யாழ்ப்பாணத்து அழைப்பை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதில் ஒரு நல்ல கட்டுரைக்கு வேண்டிய எல்லாமே இருக்கின்றன. யாழ் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லின் ஊடாக ஊறி வருவது. அதில் கல்சியம் அதிகம். அத்தகைய கடின நீரில் தேயிலை போட்டால் சாயம் மங்கலாகவும் கருமையாகவும் தெரியும், ஆறும்போது மேலே மெல்லிய ஆடை போல ஒரு படலம் மிதக்கும், ஹட்டனும் அடங்கும் திம்புள்ளைப் பகுதித் தேயிலைக்கே உரிய அந்தத் தெளிவான நிறமும் சுறுசுறுப்பான சுவையும் அடங்கிப் போகும். நம் மலைகளில் ஊற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் வரும் நீர் மென்மையானது என்பதால் இந்தச் சிக்கலை நாம் காண்பதே இல்லை. நீர் கொதிக்கும் வெப்பநிலையும் உயரத்தோடு மாறுகிறது. கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர் ஹட்டனில் ஏறத்தாழ 96 பாகையிலும், 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகைக்கு அண்மையிலும் கொதித்துவிடும். ஆகவே யாழ்ப்பாணத்தில் நீரின் சூடு குறைவதில்லை, நீரின் தன்மைதான் வேறு. கடினத்தன்மை நீக்கிய நீரிலோ சேகரித்த மழைநீரிலோ ஒருமுறை ஊற்றிப் பார்க்கச் சொல்லலாம். சில துளி எலுமிச்சைச் சாறு அந்தப் படலத்தை நீக்கும் என்று சொல்லலாம். பாலோடு குடிப்பவராயின் கூடுதல் சாயம் தரும் சிறுதுகள் ரகத்தைப் பரிந்துரைக்கலாம். இரண்டு வெள்ளைக் கோப்பைகளில் இரண்டு விதமான நீரில் ஒரே அளவு தேயிலையை ஒரே நேரம் ஊறவைத்து, சன்னல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு புகைப்படம் போதும். அதை எடுக்க உங்கள் கைத்தொலைபேசியே போதுமானது.

இப்படியொரு கட்டுரையைத் தமிழில் தேடுகிற ஒருவருக்கு இன்று எத்தனை நல்ல பதில்கள் கிடைக்கும் என்று நீங்களே கூகுளில் தேடிப் பாருங்கள். கூகுள் நிறுவனம் தன் தேடல் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் 2022 டிசம்பரில் நேரடி அனுபவம் என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. கடையில் நின்று தேயிலையை ஊற்றிப் பார்த்து விற்கும் உங்களுக்கு அந்த அனுபவம் இருக்கிறது. கொழும்பில் கணினிக்கு முன் அமர்ந்து படம் கோப்பவரிடம் அது இல்லை.

பி.ஓ.பி.யா பி.ஓ.பி.எஃப்.பா என்ற கேள்வியும் அப்படித்தான். இந்த எழுத்துகள் இலையின் அளவையும் தோற்றத்தையும் குறிப்பவை, தரத்தின் ஏறுவரிசையைக் குறிப்பவை அல்ல என்பதே வாங்குபவர்களில் பலருக்குத் தெரியாது. ஓ.பி. நீண்டு சுருண்ட இலை, இலேசான சாயம் தருவது, பி.ஓ.பி.எஃப். சிறியது, விரைவில் கடுஞ்சாயம் இறங்குவது, பால் தேநீருக்கு ஏற்றது, பி.ஓ.பி. இரண்டுக்கும் இடைப்பட்டது. இதைச் சொல்லிவிட்டு, வீட்டில் எப்படிக் குடிப்பவருக்கு எது பொருந்தும் என்று உங்கள் தீர்ப்பையும் வெளிப்படையாக எழுதுங்கள். அந்தத் தீர்ப்புக்காகத்தான் அவர்கள் உங்களை அழைக்கிறார்கள்.

எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டீர்கள். மாதம் 30 பதிவுகள் உங்களுக்குத் தேவையில்லை. மாதம் ஒரு முழுமையான கட்டுரை, அதிலிருந்து பிரித்தெடுத்த சிறு காணொளி ஒன்று, இரண்டு மூன்று சிறு பதிவுகள் என்பது இருவர் நடத்தும் கடையால் தொடர்ந்து செய்யக்கூடிய அளவு. தொடர்ச்சி இங்கே மிக முக்கியம். மூன்று மாதம் நாள்தோறும் எழுதிவிட்டு ஓய்ந்துபோன பக்கங்களைப் பார்க்கும் வாடிக்கையாளர், கடையே மூடப்பட்டுவிட்டதோ என்று எண்ணுவார்.

ஆண்டுத் திட்டத்தை உங்கள் பருவங்களே வகுத்துத் தருகின்றன. நவம்பர் முடிவதற்குள் மலையேறுவோருக்கான குறிப்புகள் தயாராக இருக்க வேண்டும். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பேருந்து கிடைக்கும் விதம், உச்சியில் விடியற்காலைக் குளிருக்கு என்ன கொண்டுபோக வேண்டும், திரும்பும் வழியில் ரயில் நிலையத்தில் காத்திருக்கும்போது என்ன செய்யலாம் என்பவற்றை எழுதுங்கள். தேயிலையைப் பற்றி அதில் ஓரிரு வரிகள் போதும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை மேற்குச் சரிவில் வறண்ட குளிர்காற்று வீசும் காலம். திம்புள்ளைத் தேயிலையின் சிறந்த மணம் அப்போதுதான் கிடைக்கிறது என்பதால் அக்காலத்துச் சரக்கைத் தனியாகப் பொதி செய்து, ஏன் தனி என்பதை விளக்குங்கள். தென்மேல் பருவமழை தொடங்கும்போது, ஈரப்பதத்தில் தேயிலையைக் கெடாமல் வைத்திருப்பது பற்றியும், மசாலா, சவர்க்காரம் போன்றவற்றின் மணத்தைத் தேயிலை எவ்வளவு எளிதில் உறிஞ்சும் என்பது பற்றியும் எழுதலாம். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை மலைநாட்டின் கிழக்குச் சரிவிலுள்ள ஊவாத் தேயிலையின் காலம். தீபாவளிக்கு முன்பு பரிசுப் பொதிகள். அவ்வளவுதான் நாட்காட்டி.

ஒரு தொழில்நுட்பச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் அச்சகங்களில் லேபல்களையும் துண்டுப் பிரசுரங்களையும் இன்றும் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து தருகிறார்கள். அந்தக் கோப்பிலிருந்து நகலெடுத்து இணையத்தில் ஒட்டினால் பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரியும். படமாக்கிப் போட்டால் தேடுபொறி அதை எழுத்தாக வாசிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. எழுதுவதையெல்லாம் யூனிகோடில், படத்துக்கு வெளியே, எழுத்தாகவே இடுங்கள்.

பதில்: பண்டாரவளை விடுதி நடத்துபவர்

தம்பி, கண்டி ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கட்டுரைகளை எங்கே வைப்பது, யாருக்கு முதலில் கொண்டு சேர்ப்பது என்பதில் என் அனுபவம் சற்று வேறானது. பண்டாரவளையில் சிறிய தங்குவிடுதி நடத்துகிறேன். எங்களுக்கு முதலில் பயன் தந்தது கூகுள் வரைபடத்தில் உள்ள வணிகப் பக்கம்தான். அதற்குக் கட்டணம் இல்லை. திறக்கும் நேரம், தொலைபேசி எண், கடையின் முகப்பு, உள்ளே தேயிலை அடுக்கியிருக்கும் விதம் ஆகியவற்றின் தெளிவான படங்கள், வாடிக்கையாளர் எழுதும் கருத்துகளுக்கு நீங்கள் எழுதும் பதில்கள் ஆகிய எல்லாமே உள்ளடக்கம்தான். ஹட்டன் ரயில் நிலையத்தில் இறங்கும் ஒருவர் கைத்தொலைபேசியில் தேயிலைக் கடையைத் தேடும்போது நீங்கள் தென்படவில்லை என்றால், கட்டுரை எவ்வளவு சிறப்பாக இருந்தும் அந்த நேரத்தில் பயனில்லை.

அடுத்தது வட்ஸ்அப். வியாபாரத்துக்கான வட்ஸ்அப் செயலியில் பொருட் பட்டியலை விலையோடு இடலாம். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களை முன்கூட்டியே எழுதிச் சேமித்து வைக்கலாம். ஐயா சொன்ன கொப்பியிலுள்ள கேள்விகளை அங்கேயும் பயன்படுத்துங்கள். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் வசதியில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் தொலைபேசியில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே பொதியின் பின்புறத்தில் எண்ணைப் பெரிதாக அச்சிட்டு, எந்தப் பெயரில் சேமிக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். செய்தி பெற விரும்புகிறாரா என்று கேட்டு, அவர் ஒப்புக்கொண்ட பிறகே பட்டியலில் சேருங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, கேட்காமல் அனுப்பும் செய்தியை விரும்புகிறவர் யாரும் இல்லை.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் மூன்று மொழிகளிலும் எழுத முயன்றால் இருவரும் களைத்துப் போவீர்கள். எந்தக் கேள்வி எந்த மொழியில் அதிகம் வருகிறதோ அதற்கு அந்த மொழியில் பதில் எழுதினால் போதும். யாழ்ப்பாணத்து நீரைப் பற்றிய கட்டுரை தமிழில் இருக்கட்டும். மலையேறுவோருக்கான குறிப்பு சிங்களத்தில் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் பருவ காலத்தில் உங்கள் கடை வாசலைக் கடப்பவர்களில் பெரும்பாலோர் சிங்களத்தில் வாசிப்பவர்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்கான பக்கம் ஆங்கிலத்தில் ஒன்றோ இரண்டோ போதும். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்ததை அப்படியே வெளியிடாமல், அந்த மொழி பேசும் நண்பர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

பதில்: தலவாக்கலை வாசகி

மேலே இருவரும் எழுதியவை பயனுள்ளவை. ஆனால் அந்த விளம்பர நிறுவனம் அனுப்பிய மாதிரிப் படத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். என் தாயார் ஓய்வு பெறும் வரை கொழுந்து பறித்தவர்.

கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படம் இல்லாத தேயிலை விளம்பரத்தைக் காண்பது அரிது. அந்தப் பெண் யார், எந்தத் தோட்டம், தன் படம் பொதியில் அச்சாவது அவருக்குத் தெரியுமா, அதற்காக அவருக்கு ஏதாவது கிடைத்ததா என்ற கேள்விகள் யாருக்கும் எழுவதில்லை. நாளொன்றுக்கு வைத்திருக்கும் கொழுந்து நிறையை எட்டுவதற்காகச் சரிவில் விரைந்து கொண்டிருக்கும் ஒருவரை நிறுத்தி, பட்டுச் சேலை அணிவித்து, வெறுங்கூடையோடு சிரிக்கச் சொல்லி எடுத்த படங்களைப் பார்த்திருக்கிறேன். தொழிலாளர் குடியிருக்கும் லயன் அறைகளையும், முற்றத்தில் விளையாடும் பிள்ளைகளையும் அழகான பின்னணியாக எடுத்துப் போடுவதையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம் என்று மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

தொழிலாளரைக் காட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காட்டுவதானால் தோட்ட நிர்வாகத்திடமும் அவரிடமும் முன்கூட்டியே அனுமதி பெற்று, படம் எங்கே வெளியாகும் என்பதைச் சொல்லி, அவருடைய நேரத்துக்குரிய பணத்தைக் கொடுத்து, வெளியிடுவதற்கு முன் அவரிடம் காட்டிவிட்டு வெளியிடுங்கள். அவருடைய அறிவைக் கேட்டு எழுதினால் இன்னும் சிறப்பு. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். மழை நாளில் பறித்த கொழுந்துக்கும் வெயில் நாளில் பறித்ததற்கும் என்ன வேறுபாடு, கவ்வாத்து வெட்டிய (செடிகளைக் கத்தரித்த) மலை மீண்டும் கொழுந்து தர எவ்வளவு காலம் பிடிக்கிறது, முற்றிய இலை கலந்தால் கோப்பையில் எப்படித் தெரியும் என்பவற்றை என் தாயாரைப் போன்ற ஒருவரால் சொல்ல முடியும். அப்படிச் சொன்னவருடைய பெயரை, அவர் விரும்பினால், கட்டுரையில் இடுங்கள்.

இதனோடு சேர்ந்த இன்னொன்று, உங்கள் எழுத்தின் உண்மைத்தன்மை. நீங்கள் தொழிற்சாலைகளிலிருந்தும் ஏலச் சரக்கிலிருந்தும் வாங்கிப் பொதி செய்கிறீர்கள். அதைச் சொல்ல எந்தத் தயக்கமும் வேண்டாம். எங்கள் தோட்டத்திலிருந்து நேரடியாக என்று எழுதுகிறவர்கள் பலர் இருப்பதால் நீங்களும் அப்படி எழுத வேண்டும் என்பதில்லை. எந்தப் பகுதித் தேயிலை, எந்த மாதத்துச் சரக்கு, எதற்காக இரண்டைக் கலந்தீர்கள் என்று எழுதும் கடையை நான் நம்புவேன். நீரிழிவு குணமாகும், உடல் மெலியும் என்ற வகையான வாக்குறுதிகளையும் தவிர்த்துவிடுங்கள். வாளேந்திய சிங்க இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டு, சபையின் அனுமதியும் பெற்றிருந்தால்தான் அதைப் பயன்படுத்த முடியும். அலங்காரத்துக்காக அதைப் பதிவுகளில் ஒட்டிவிடாதீர்கள்.

ஹட்டன் கடைக்காரர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தலவாக்கலை அக்கா, தங்களுடைய பதிலைத் தங்கைக்கும் வாசித்துக் காட்டினேன். படங்களைப் பொறுத்தவரை, கடையையும் கோப்பையையும் இலையையும் மட்டுமே எடுப்பது என்றும், தொழிலாளர் ஒருவரைக் காட்டுவதானால் தாங்கள் சொன்ன முறைப்படியே செய்வது என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

இன்னும் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. முதலாவது, எழுதியது பயன் தருகிறதா என்பதை விருப்பக் குறிகளின் எண்ணிக்கையைத் தவிர வேறு எதைக் கொண்டு அறிவது? இரண்டாவது, ஏலத்தோடு சேர்ந்து எங்கள் கொள்வனவு விலையும் ஏறி இறங்குவதால் விலையை இணையத்தில் போடலாமா? மூன்றாவது, கனடாவிலும் தமிழ்நாட்டிலும் உள்ள உறவினர்கள் தங்கள் நண்பர்களுக்கும் அனுப்பச் சொல்கிறார்கள், அவர்களுக்கென்றும் எழுத வேண்டுமா?

பதில்: கண்டியிலிருந்து ஓர் எழுத்துப் பணியாளர்

தலவாக்கலைச் சகோதரி எழுதியதை இங்கு வரும் ஒவ்வொரு வியாபாரியும் வாசிக்க வேண்டும். நான் தொட்டிருக்க வேண்டியதை என்னை விட நன்றாகவே அவர் சொல்லியிருக்கிறார்.

வெளிநாட்டைப் பற்றிய ஐயத்தை முதலில் முடித்துவிடுவோம். வணிக அடிப்படையில் தேயிலையை ஏற்றுமதி செய்வதற்குத் தேயிலைச் சபையில் ஏற்றுமதியாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாத நிலையில் கனடாவுக்கென்று எழுதி ஆர்வத்தை உண்டாக்கிவிட்டு அனுப்ப முடியாமல் நிற்பது கடையின் பெயருக்கு நல்லதல்ல. இப்போதைக்கு உள்நாட்டுத் தபால் வியாபாரத்தோடு நில்லுங்கள்.

விலையைக் கட்டாயம் போடுங்கள். விலை இல்லாத பதிவின் கீழே விலை என்ன என்று கேட்டு வரும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலர் பதில் வருவதற்குள் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். ஏலம் கிழமைதோறும் நடப்பதால் விலை மாறுவது இயல்பு என்பதையும், இன்ன திகதி முதல் இந்த விலை என்பதையும் தெளிவாக எழுதுங்கள். விலை ஏறும்போது ஏன் ஏறியது என்று ஒரு சிறு குறிப்பு எழுதுங்கள். வறட்சியால் கொழுந்து குறைந்ததா, பொதியிடும் பையின் விலை கூடியதா என்று காரணத்தை அறிந்த வாடிக்கையாளர் முகம் சுளிக்காமல் கொடுப்பார். தபால் செலவைத் தனி வரியில் காட்டுங்கள். கடும் மழையில் மண்சரிவால் வீதி அடைபட்டு அனுப்புவது தாமதமாகும் நாட்களில் அதையும் அன்றைக்கே அறிவியுங்கள். இவையெல்லாம் சிறிய பதிவுகள்தான், ஆனால் வாடிக்கையாளர் உங்களை நம்பிப் பணம் அனுப்புவதற்கு இவையே காரணமாகின்றன.

அளவிடுவதற்கு விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டாம். கட்டளை தரும் ஒவ்வொருவரிடமும் எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டு, அதே கொப்பியில் ஒரு நிரலில் எழுதுங்கள். கடைக்கு முன்பு வந்தவரா, நண்பர் சொன்னாரா, வரைபடத்தில் கண்டாரா, எந்தக் கட்டுரையை வாசித்தார் என்பது அங்கே வந்துவிடும். இரண்டாம் முறை வாங்குபவர்களைத் தனியாகக் குறியுங்கள், ஏனெனில் தேயிலை தீர்ந்தவுடன் மீண்டும் தேவைப்படும் பொருள். முதல் விற்பனையை விட இரண்டாவது விற்பனைதான் உங்கள் எழுத்தும் சரக்கும் ஒத்துப்போகின்றனவா என்பதைக் காட்டும். சிறிய இணையத்தளம் ஒன்றை அமைத்தால், கூகுள் இலவசமாகத் தரும் தேடல் கண்காணிப்புக் கருவியை அதனோடு இணைத்துவிடுங்கள். மக்கள் எந்தச் சொற்களைத் தட்டச்சு செய்தபோது உங்கள் பக்கம் தென்பட்டது என்பதை அது காட்டும். நீங்கள் எதிர்பார்க்காத கேள்விகள் அதில் கிடைக்கும், அவற்றையும் கொப்பியில் சேருங்கள்.

இணையத்தளம் தேவையா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். பண்டாரவளைச் சகோதரி சொன்னபடி வரைபடப் பக்கமும் வட்ஸ்அப்பும் முதலில் வரட்டும். ஐந்தாறு நல்ல கட்டுரைகள் சேர்ந்தபின் அவற்றுக்கென ஓர் இணையத்தளம் அமைப்பது அவசியம் என்பது என் உறுதியான கருத்து. பேஸ்புக்கில் இட்ட பதிவு சில நாட்களில் கீழே போய்விடும், அடுத்த ஆண்டு அதைத் தேடி எடுப்பது வாசகருக்குக் கடினம். யாழ்ப்பாணத்து நீரைப் பற்றிய கட்டுரையோ இன்னும் பத்து ஆண்டுகள் கழித்தும் உண்மையாகவே இருக்கும், அதற்கு நிலையான ஒரு முகவரி வேண்டும். பலன் தெரிய மாதங்கள் பிடிக்கும் என்பதையும் முன்பே மனத்தில் கொள்ளுங்கள். முதல் பருவத்தின் முடிவில் கட்டளைகள் குறைவாக இருப்பதைக் கண்டு நிறுத்திவிட வேண்டாம்.

பதில்: பண்டாரவளை விடுதி நடத்துபவர்

நேர ஒதுக்கீட்டையும் சொல்லிவிடுகிறேன், தம்பி. மழைக்காலத்தில் கடை ஓய்ந்திருக்கும் பிற்பகல்களில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பருவ காலத்தில் எழுத நேரமே கிடைக்காது. யார் எழுதுவது, யார் வாசித்துத் திருத்துவது என்பதை உங்கள் இருவருக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். தங்கை எழுதினால் நீங்கள் வாசியுங்கள், தேயிலையைப் பற்றிய விவரங்களைத் தந்தையிடம் காட்டிச் சரிபாருங்கள்.

அந்த விளம்பர நிறுவனத்தை முற்றாக ஒதுக்க வேண்டும் என்றும் நினைக்க வேண்டாம். காணொளி வெட்டுவதற்கோ லேபல் வடிவமைப்பதற்கோ பின்னர் உதவி தேவைப்படலாம். அப்போது மாதக் கட்டணமாக இல்லாமல் வேலைக்கு வேலை பேசுங்கள். எழுதப்போகிறவர் ஒரு நாளாவது கடையில் வந்து நிற்பாரா என்று கேளுங்கள். பேஸ்புக் பக்கத்தின் முழு நிர்வாக உரிமையும், எடுக்கும் மூலப் படங்களும், இணையத்தள முகவரியின் பதிவும் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு விடுதிக்காரருடைய பக்கத்தை வெளியார் ஒருவர் தம் கணக்கில் திறந்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்ததும் திருப்பித் தரவில்லை. அதிலிருந்த வாடிக்கையாளர் கருத்துகள் எல்லாம் அதோடு போய்விட்டன. இந்த மூன்றையும் எழுத்தில் பெற்ற பிறகே முற்பணம் கொடுங்கள்.